ஒரு சூப்பர்ஹீரோ எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி: கடலூர், புதுச்சேரி ரசிகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சூப்பர்ஹீரோ தொடர்களுக்கு வாராவாரம் வரும் ரசிகர் விமர்சனங்கள் பெரும்பாலும் மூன்று விதம். கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிப்பது ஒன்று. சுவரில் தெரிந்த பெயர்ப்பலகை, மேசைமேல் கிடந்த காமிக்ஸ் என்று ஈஸ்டர் எக் (ரசிகர்களுக்காக ஒளித்துவைத்த குறிப்பு) பட்டியல் போடுவது இன்னொன்று. 'வேற லெவல்' அல்லது 'மொக்கை' என்று தீர்ப்பு மட்டும் சொல்லிவிட்டுப் போவது மூன்றாவது. மூன்றிலும் காணாமல்போவது அந்த எபிசோடுதான்.

ஒரு எபிசோடு 42 நிமிடமோ 50 நிமிடமோ ஓடுகிறது. அதற்குள் யாரோ ஒருவர் ஒரு முடிவெடுக்கிறார். அதற்கு ஒரு விலை கொடுக்கிறார். நாயகனுக்கு என்ன சக்தி என்பதைத் தொடரின் போஸ்டரே சொல்லிவிடும். இந்த வாரம் அந்தச் சக்தி யாரிடமிருந்து எதைப் பறித்தது என்பதை எபிசோடைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அதைக் கண்டுபிடித்து ஆதாரத்தோடு எழுதும் வழிதான் இங்கே இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு, மின்னல் வேகத்தில் ஓடும் பாரி என்ற இளைஞனின் கதையான 'தி ஃப்ளாஷ்' தொடரின் முதல் சீசனின் 15வது எபிசோடான 'அவுட் ஆஃப் டைம்' (2015 மார்ச் 17) எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதன் உச்சக்காட்சியில் ஒரு கடலோர நகரத்தை நோக்கிப் பேரலை எழுந்து வருகிறது. அந்தக் காட்சியைப் பற்றி எழுத தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ வளர்ந்தவருக்கு இருக்கும் கண் வேறு யாருக்கும் கிடையாது. முடிவு உட்பட எல்லாம் வெளிப்படையாகப் பேசப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்ப்பதற்கு முன்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் புது சீசன்கள் அக்டோபர் வாக்கில் தொடங்கும் வழக்கம் உண்டு. நமக்கு அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம். கடலூரில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். உச்சக்காட்சி நடுவில் நின்று, அரை மணி நேரம் கழித்துத் தொடர்ந்து பார்த்த எபிசோடைப் பற்றி 'வேகம் குறைவு' என்று எழுதினால் அந்தக் குறை யாருடையது? எபிசோடை முன்கூட்டியே போனில் டவுன்லோட் செய்துவையுங்கள்.

வெளியாகும் நேரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அமெரிக்க மேற்குக் கரை நள்ளிரவு 12 மணிக்கு வெளியானால் நமக்குக் கோடையில் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. கிழக்குக் கரை இரவு 9 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6:30 அல்லது 7:30. அவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பதால் வரும் வித்தியாசம் இது. நவம்பரில் ஓடும் தொடருக்கு நடுவில் நேரம் மாறும். அன்றைக்குத்தான் பலர் காலையிலேயே உட்கார்ந்து ஏமாறுகிறார்கள்.

டிவியில் பார்ப்பவர்கள் செட்டிங்ஸில் இரண்டைச் சரிபாருங்கள். படத்தின் அளவு 'ஜூம்' நிலையில் இருக்கக்கூடாது. 'வாண்டாவிஷன்' (2021) முதல் எபிசோடு கறுப்பு வெள்ளையில், பழைய டிவியின் 4:3 சட்டத்தில் ஓடுகிறது. கடைசியில் கேமரா பின்வாங்கும்போது சட்டம் அகலமாகிறது. யாரோ இதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அந்த அகலமே சொல்கிறது. ஜூம் போட்ட டிவியில் அந்தச் செய்தி வராது. அடுத்து, அசைவை வழுவழுப்பாக்கும் 'மோஷன்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சண்டைக்காட்சி மெகா சீரியல் மாதிரித் தெரியும். பழி சண்டை இயக்குநர் மேல் விழும்.

முதல் முறை

நோட்டு வேண்டாம், போன் வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். தொடக்கத்தில் வரும் 'முன்கதை' பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிவிடாதீர்கள். பத்து எபிசோடுக்கு முன் வந்த ஒரு பாத்திரத்தை அதில் காட்டினால், அவர் இன்று திரும்பி வரப்போகிறார் அல்லது அவர் செய்தது இன்று வெடிக்கப்போகிறது. எழுத்தாளர்கள் எந்த நூலை இழுக்கப்போகிறார்கள் என்பதை முதல் ஒரு நிமிடத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

முடிந்ததும் 20 நிமிடம் யாரிடமும் பேசாமல் இருங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு மாலை 6 மணிக்கு மேல் வண்டி வராத கடற்கரைச் சாலை இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரை. ஒரு நடை போய் வந்து, நினைவில் நிற்கும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். நண்பர்கள் குழுவில் பேசிவிட்டு எழுதினால் அந்த ஐந்தில் மூன்று அவர்களுடையதாக இருக்கும்.

இரண்டாம் முறை

இதுதான் உழைப்பு. 42 நிமிட எபிசோடுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாதாரண கோடு போட்ட நோட்டில் மேலிருந்து கீழாக நான்கு பத்தி பிரியுங்கள்: நிமிடம், இடம், யார் என்ன கேட்கிறார், காட்சி முடியும்போது என்ன மாறிவிட்டது. முப்பதுக்கு முன்பின் காட்சிகள் வரும். நான்காவது பத்தி காலியாக இருக்கும் காட்சிகளுக்கு நட்சத்திரம் போடுங்கள். 'இழுவை' என்று எழுத நினைத்தால் அந்த நட்சத்திரங்கள்தான் ஆதாரம். நட்சத்திரம் ஒன்றே ஒன்று இருந்து உங்களுக்குச் சலிப்பு வந்திருந்தால், காரணம் வேறெங்கோ இருக்கிறது. தேடுங்கள்.

விளம்பரம் வரும் சேனலுக்காக எடுக்கப்பட்ட தொடர் என்றால் இன்னொன்றையும் குறியுங்கள். ஓடிடியில் பார்க்கும்போது நான்கைந்து இடங்களில் திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். விளம்பர இடைவேளை இருந்த இடங்கள் அவை. சேனல் மாற்றிவிடாதபடி பார்ப்பவரைக் கட்டிப்போட, அதற்குச் சற்று முன் ஒரு கொக்கி மாட்டியிருப்பார்கள். கொக்கிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தால், எழுத்தாளர்கள் எதை முக்கியம் என்று நினைத்தார்கள் என்பது அப்பட்டமாகத் தெரியும். கொக்கி முழுவதும் வில்லனைச் சுற்றியும், உணர்ச்சி முழுவதும் நாயகனின் வீட்டிலும் இருந்தால், எபிசோடு இரண்டாகப் பிளந்ததாக நீங்கள் உணர்ந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பெயர் ஓடும்போது எழுத்தாளர், இயக்குநர் பெயர்களைத் திரையில் இருப்பதுபோலவே குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்க விதிப்படி இரு பெயர்களுக்கு நடுவே '&' குறி இருந்தால் இருவரும் சேர்ந்து எழுதினார்கள்; 'அன்ட்' என்று சொல்லாக இருந்தால் தனித்தனியாக வேலை செய்தவர்கள். 'இரண்டு கை பட்ட திரைக்கதை' என்று எழுதுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, நம் சினிமாப் பழக்கத்தில் எல்லாப் பாராட்டையும் இயக்குநருக்குக் கொடுத்துவிடுகிறோம். இந்தத் தொடர்களில் எபிசோடுக்கு எபிசோடு இயக்குநர் மாறுவார். கதையின் கடிவாளம் ஷோரன்னர், அதாவது தொடர் முழுவதுக்கும் பொறுப்பான தலைமை எழுத்தாளர்-தயாரிப்பாளர் கையில் இருக்கும். காட்சி எடுத்த விதம், நடிகரின் அளவு, கேமரா நின்ற இடம் ஆகியவற்றில் இயக்குநரைப் பேசுங்கள். ஒரு பாத்திரம் ஏன் செத்தது என்பதற்கு அவரிடம் கேள்வி கேட்காதீர்கள்.

முடிவும் விலையும்

நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே கேள்வி: இந்த எபிசோடில் திரும்பப் பெற முடியாத முடிவை எடுத்தது யார், அதற்கு என்ன கொடுத்தார்?

'அவுட் ஆஃப் டைம்' எபிசோடில் மேலோட்டமாகத் தெரிவது வானிலையை ஆட்டிவைக்கும் மார்க் மார்டன், தன் தம்பியைச் சுட்ட போலீஸ்காரர் ஜோவைப் பழிவாங்க வருவது. சுருக்கம் எழுதுபவர்கள் இதோடு நின்றுவிடுவார்கள். நோட்டின் நான்காவது பத்தியை மட்டும் படித்தால் வேறொன்று எழும். பாரியின் வழிகாட்டியாக நடித்துக்கொண்டு தன் உண்மை முகத்தை மறைக்கும் விஞ்ஞானி வெல்ஸைத் துருவிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் மேசன் பிரிட்ஜுக்கு உண்மை தெரிகிறது, கொல்லப்படுகிறார். ஆய்வகத்தில் தனியாகப் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்த, வெல்ஸிடம் வேலை செய்யும் சிஸ்கோவுக்கு உண்மை தெரிகிறது, கொல்லப்படுகிறான். பாரியோடு கூடவே வளர்ந்த, அவன் காதலிக்கும் ஐரிஸுக்கு முகமூடிக்குள் இருப்பது பாரி என்று தெரியும்போது அலை கரைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒளிந்து உடை மாற்ற அவனுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. மூன்று பேர், ஒரே வடிவம்: தெரிய வேண்டியது தெரியும்போது காலம் கடந்துவிட்டது. தலைப்பே அதுதான். வில்லன் மார்டன் வெறும் கடிகார முள்.

இதைக் கண்டுபிடித்தபின் விமர்சனத்தின் முதுகெலும்பு ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் இன்னும் பார்க்க வேண்டும்.

சிஸ்கோ சாகும் காட்சியில் எதைக் குறிப்பது? வெல்ஸ் கத்துவதில்லை. மகனிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டே கொல்கிறார். 'நடிப்பு அருமை' என்று எழுதுவதற்குப் பதில் இந்த ஒன்றை எழுதினால் போதும். படிப்பவர் காட்சியைத் திரும்பிப் பார்ப்பார். இரண்டாம் முறையில் மட்டும் கிடைக்கும் பரிசு ஒன்றும் உண்டு: எபிசோடின் தொடக்கப் பகுதியிலேயே, ஓடிக்கொண்டிருக்கும் பாரி தன் பக்கத்தில் தன்னைப்போலவே ஒருவன் ஓடுவதை ஒரு கணம் பார்க்கிறான். அது யார் என்பதற்குக் கடைசி நிமிடம்தான் பதில். விதை எங்கே, அறுவடை எங்கே என்று இரண்டு நிமிடக் குறிப்புகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இங்கே ஒரு நேர்மையும் தேவை. அடுத்த எபிசோடில் பாரி காலத்தில் ஒருநாள் பின்னே போய்விட்டதால் சிஸ்கோ உயிரோடு இருக்கிறான், ஐரிஸுக்கு எதுவும் தெரியாது. கொடுத்த விலை திருப்பித் தரப்பட்டுவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு 15வது எபிசோடை 'ஏமாற்று வேலை' என்று எழுதுவது தவறு. அந்தக் குற்றச்சாட்டு 16வது எபிசோடுக்கு உரியது. ஒரு எபிசோடு தனக்குத் தெரிந்ததை வைத்து நடந்துகொண்டதா என்று மட்டும் பாருங்கள்.

சக்தியின் விதி, கடலின் விதி

ஒவ்வொரு தொடருக்கும் அது தானே போட்டுக்கொண்ட விதிகள் உண்டு. எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், எதைத் தொட்டால் வலுவிழக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றை எபிசோடு எண்ணோடு சேர்த்து எழுதிவையுங்கள். நிஜ உலக விதியை மீறினால் மன்னிக்கலாம். தன் விதியைத் தானே மீறினால் மன்னிக்கக்கூடாது. ஐந்தாவது எபிசோடில் முடியாது என்று சொன்னதைப் பன்னிரண்டாவதில் காரணமில்லாமல் செய்தால், அந்த ஐந்தாவது எபிசோடில் நீங்கள் பட்ட பதற்றம் பொய்யாகிவிடுகிறது.

மார்டன் எழுப்பும் அலை நல்ல சோதனை. நிஜத்தில் சுனாமி காற்றால் வருவதல்ல. கடலடி நிலம் நகர்ந்து மொத்த நீரும் தள்ளப்படுவதால் வருவது. காற்று தள்ளிக்கொண்டு வருவது புயல் அலை. 2004 டிசம்பர் 26 காலை 6:29க்கு சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த 'தானே' என்ற புயல் வேறு வகை. இரண்டையும் கண்ட ஊர்க்காரருக்கு, வானிலைக்காரன் சுனாமி எழுப்புவது உடனே உறுத்தும்.

அந்த உறுத்தலை ஒரு வரியில் சொல்லிவிட்டு, தொடரின் கணக்குக்குள் வாருங்கள். மார்டன் வானிலையை ஆள்பவன், அலையையும் எழுப்புவான் என்று தொடர் சொல்கிறது, ஏற்றுக்கொள்ளலாம். கரையோரம் இங்கும் அங்கும் ஓடிக் காற்றுச் சுவர் எழுப்பப் பார்க்கிறான் பாரி. அவனது வேகம் காற்றை எழுப்பும் என்பது புதிதாகக் கண்டுபிடித்ததல்ல, முதல் எபிசோடிலேயே சுழற்காற்றை எதிர்த்து ஓடியிருக்கிறான். ஆக விதி காப்பாற்றப்பட்டிருக்கிறது.

உண்மையான கேள்வி வேறு: கரையில் ஐரிஸைத் தவிர யார் இருந்தார்கள்? அலை வரும் நகரத்தில் வலை உலர்த்துபவர், மீன் விற்பவர், குழந்தையோடு ஓடுபவர் என்று ஒருவரையாவது அருகில் காட்டினார்களா, அல்லது அலை ஒரு காதல் காட்சிக்குத் திரைச்சீலையாக மட்டும் நின்றதா? இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தக் காட்சியில் தெரியும் முகங்களை எண்ணுங்கள். எண்ணியதை எழுதுங்கள். நம் கரையிலிருந்து எழுதும் விமர்சனத்துக்கு இதைவிடப் பெரிய பங்களிப்பு கிடையாது. பார்த்தவர் வீட்டில் இழப்பு இருந்திருக்கலாம் என்பதால், இந்தப் பத்தியில் மட்டும் 'மாஸ்', 'தெறி' போன்ற சொற்களைத் தவிருங்கள்.

சண்டைக்காட்சி

'டேர்டெவில்' (2015) இரண்டாம் எபிசோடின் நடைக்கூடச் சண்டை, சண்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ள நல்ல பாடம். ஏறத்தாழ மூன்று நிமிடம், வெட்டே (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) இல்லாததுபோல் ஓடுகிறது. எண்ண வேண்டியது அடிகளை அல்ல, மூச்சுகளை. நாயகன் மாட் மர்டாக் ஏற்கெனவே காயத்தோடு வருகிறான், சுவரில் சாய்கிறான், விழுந்தவன் மறுபடி எழுகிறான், இவனும் தள்ளாடியபடி எழுகிறான். சில அடிகள் அறைக்குள் நடக்கின்றன, கேமரா உள்ளே போகாமல் கூடத்திலேயே காத்திருக்கிறது. கடத்தப்பட்ட ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு வருவதில் காட்சி முடிகிறது.

எந்தச் சண்டைக்கும் நான்கு கேள்விகள் போதும். இடம் புரிந்ததா? வெட்டு எத்தனை? (30 விநாடி ஓடவிட்டு எண்ணுங்கள்.) சோர்வு தெரிந்ததா? சண்டை முடிந்தபின் கதையில் எது மாறியது? நான்காவதுக்குப் பதில் இல்லையென்றால் முதல் மூன்றும் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

தூரத்தையும் நம் கால்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். மாட் காவல் காக்கும் ஹெல்ஸ் கிச்சன், நியூயார்க்கின் 34ஆம் தெருவிலிருந்து 59ஆம் தெருவரை நீளும் பகுதி. நீளவாக்கில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைக் காந்தி சிலைவரை நடப்பது மாதிரி. ஒரு பேட்டையின் நாயகன் அவன் என்பது அப்போது சட்டென்று பிடிபடும்.

தமிழ் ட்ராக்

ஒரே எபிசோடை ஆங்கிலத்திலும் தமிழிலும் கேட்டு எழுதும் விமர்சனம் மிகக் குறைவு. நம்மால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. அதிலும் நாயகன் முகமூடிக்குள் தன்னை மறைத்து இரட்டை வாழ்க்கை வாழும் தொடர்களில் தமிழ் ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவருகிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. தமிழில் நீ, நீங்க, வாடா, வாங்க என்று ஒவ்வொரு வரியிலும் உறவைச் சொல்லியாக வேண்டும். கூடவே வளர்ந்தவனை 'வாடா' என்று கூப்பிடும் பெண், முகமூடி போட்ட அதே ஆளிடம் 'நீங்க யாரு?' என்பாள். அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டாள் என்பதை, ஒரு வசனமும் சேர்க்காமல், 'நீங்க' என்பது 'நீ' ஆவதிலேயே காட்டிவிட முடியும். டப்பிங் எழுதியவர் அந்த வாய்ப்பைப் பிடித்தாரா, தவறவிட்டாரா? முகமூடி கழன்ற காட்சிக்கு முன் மூன்று வசனம், பின் மூன்று வசனம் எடுத்து விகுதிகளை ஒப்பிடுங்கள்.

குறை சொல்வதற்கு முன் ஒரு விஷயம். டப்பிங் வசனம் உதட்டசைவுக்குள் அடங்க வேண்டும். முகம் அருகில் தெரியும்போது ப, ம போல உதடு மூடும் எழுத்துகள் அதே இடத்தில் விழ வேண்டும். 'அவன் என்னைக் காப்பாற்றினான்' ஏன் 'காப்பாத்திட்டான்பா' ஆயிற்று என்பதற்குச் சில சமயம் காரணம் அதுதான். உதடு தெரியாத காட்சியில், முதுகு காட்டி நிற்பவரின் வசனத்தில், மொழி செத்துக் கிடந்தால் தாராளமாகக் கண்டியுங்கள். பின்னணிச் சத்தத்தையும் கவனியுங்கள்: மழை, தெரு இரைச்சல் தமிழ் ட்ராக்கில் அமுங்கியிருக்கிறதா என்று ஹெட்போனில் இரண்டு நிமிடம் மாற்றி மாற்றிக் கேட்டால் தெரிந்துவிடும்.

எழுதுதல்

800 முதல் 1,000 சொற்கள் போதும். கதைச் சுருக்கம் 120 சொற்களைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீங்கள் யோசிப்பதைத் தள்ளிப்போடுகிறீர்கள். முதல் பத்தியிலேயே அந்த முதுகெலும்பு வாக்கியம் வரட்டும். பிறகு அதற்கு ஆதாரமாக மூன்று காட்சிகள், அதை மறுக்கும் ஒரு காட்சி. மறுக்கும் காட்சியை மறைக்காதீர்கள். ரசிகரின் விமர்சனத்தை நம்பவைப்பது அதுதான்.

வாக்கியத்தைச் சோதிக்க ஒரு வழி: அதை வேறு எபிசோடுக்குத் தூக்கிவைத்தாலும் பொருந்தினால் அடித்துவிடுங்கள். 'பிஜிஎம் தெறி' எதற்கும் பொருந்தும். 'சிஸ்கோ சாகும்போது வெல்ஸின் குரல் உயரவே இல்லை' ஒன்றுக்குத்தான் பொருந்தும். மதிப்பெண் கொடுக்கும் ஆசை இருந்தால், 'இந்த சீசனில் இதுவரை வந்ததில் இரண்டாவது' என்பதுபோல் அந்தத் தொடருக்குள்ளேயே ஒப்பிடுங்கள். பத்துக்கு எட்டரை என்பதில் அந்த அரை எதற்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

காமிக்ஸ் படித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் இப்படி இல்லை என்பது குறையாகாது. மாற்றியதால் இந்த எபிசோடு எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதைச் சொன்னால்தான் விமர்சனம்.

ஸ்பாய்லர், படங்கள்

தலைப்பிலும் முதல் இரண்டு வரியிலும் மரணம், முகமூடிக்குள் இருப்பவர், கெளரவ வேடம் மூன்றும் வரக்கூடாது. பகிரும்போது தானாகத் தெரிவது அந்த இரண்டு வரிதான். முகப்புப் படத்துக்கும் இதே விதி. வார்த்தையில் மறைத்ததைப் படத்தில் காட்டிவிடுவதே அதிகம் நடக்கும் தவறு.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருகிறதென்றால் போன் கெட்டுப்போகவில்லை. ஓடிடிகளின் நகல் தடுப்புப் பூட்டு அது. அதை உடைக்க வழி தேடாதீர்கள். நிறுவனம் ஊடகங்களுக்காக வெளியிடும் படங்களும் டிரெய்லரும் இருக்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. எபிசோடின் பத்து நிமிடத்தை வெட்டிப் போடுவது அதற்குள் அடங்கும் என்று எண்ண வேண்டாம்.

வெளியிடுவதற்கு முன் பெயர்கள், எபிசோடு எண், தேதி மூன்றையும் எபிசோடைத் திறந்து ஒருமுறை ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து எழுதிய வசனம் எதுவும் மேற்கோள் குறிக்குள் இருக்கக்கூடாது. அந்த நிமிடத்துக்குப் போய்க் கேட்டு எழுதுங்கள்.

தவறு ஒன்றை யாராவது சுட்டினால், திருத்திவிட்டு எதைத் திருத்தினீர்கள் என்று கீழே ஒரு வரி போடுங்கள். அடுத்த எபிசோடு வருவதற்கு முந்தைய நாள் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்து விதிகளையும், பதில் கிடைக்காமல் நிற்கும் கேள்விகளையும் படித்துவிட்டு, புதிய பக்கத்தில் நான்கு பத்திக்கும் கோடு போட்டுவையுங்கள்.